ஏழாயிரம்பண்ணையின் மின் கணக்கு: முதல் ரூபாயை எங்கே போடுவது?

வெம்பக்கோட்டை வட்டத்துக் கரிசல் பூமியில் மழை ஏமாற்றும், வெயில் ஏமாற்றுவதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் காலையில் காயப்போட்ட வெடிகளை வெயிலே காய வைக்கிறது. மருந்து கையாளும் அறைகளில் மின்விளக்குக்கு இடமில்லை, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. இப்படி வெயிலை நம்பிப் பிழைக்கும் ஊர், கரண்டுக்கும் வெயிலை நம்பலாமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முன்னோடி: ஓடந்துறை

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள இந்த ஊராட்சி, 2006-ல் சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. அதற்கு முன்பே ஊராட்சித் தலைவர் ஆர். சண்முகத்தின் காலத்தில் குடிநீர் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் மரக்கழிவு எரிவாயுக் கலனை வைத்துப் பழகிய ஊர் அது.

காற்றாலையின் திறன்: 350 கிலோவாட்
விலை: 1.55 கோடி ரூபாய்
ஊராட்சியின் சேமிப்பு: 40 லட்சம்
வங்கிக் கடன்: 1.15 கோடி
ஆண்டு உற்பத்தி: சுமார் 6.75 லட்சம் யூனிட்
ஊரின் தேவை: சுமார் 4.5 லட்சம் யூனிட்

அந்தக் காலத்தில் புதிய காற்றாலைக்கு மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2.90 ரூபாய். 6.75 லட்சத்தை அதனால் பெருக்கினால் ஆண்டு வரவு சுமார் 19.6 லட்சம். வட்டியை ஒதுக்கிவைத்தால் போட்ட முதல் எட்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். காற்றாலை நிற்பதோ ஊருக்குள் அல்ல, உடுமலைப் பக்கத்து மயிவாடியில். காற்று வீசும் இடத்தில் உற்பத்தி செய்து, மின்வாரியத்தின் கம்பி வழியே கணக்கைச் சரிக்கட்டினார்கள்.

இன்னொரு வழி குஜராத்தின் மொதேரா. சுமார் 6,400 பேர் வாழும் அந்த ஊர், 2022 அக்டோபர் 9-ல் சூரிய கிராமமாக அறிவிக்கப்பட்டது. செலவு 80.66 கோடி ரூபாய், மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி போட்டன. தலைக்கு 1.26 லட்சம் ரூபாய். இது எல்லா ஊருக்கும் கிடைக்கக்கூடிய பணமல்ல. நாம் பார்க்க வேண்டியது ஓடந்துறையின் கணக்கு நோட்டைத்தான்.

வீட்டுக் கூரை: காத்திருக்கலாம்

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரைமேல் சூரியத் தகடு போட 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற குடும்பம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிறது என்று வையுங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு, யூனிட்டுக்கு 2.35 வீதம், 235 ரூபாய். ஆண்டுக்கு 1,410 ரூபாய். 65,000 ரூபாய்க்கு 1 கிலோவாட் போட்டு மானியம் போக 35,000 கைக்காசு என்றால், அது திரும்பி வர ஏறக்குறைய 25 ஆண்டு. தகட்டின் ஆயுளே அவ்வளவுதான். கூலிக் குடும்பத்தை இந்தக் கடனில் இறக்குவது நியாயமில்லை. மாதக் கணக்கில் ஏசி ஓடும் வீடுகள் முதலில் வரட்டும்.

ஊராட்சி பில்: இங்கே தொடங்கலாம்

ஊராட்சி செலுத்தும் பில்லில் இலவச யூனிட் கிடையாது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

தெருவிளக்கு: 50 வாட் இழுக்கும் 100 பழைய குழல்விளக்குகள் இரவு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 60 யூனிட். 20 வாட் எல்இடிக்கு மாற்றினால் 24 யூனிட். ஆண்டு மிச்சம் 13,140 யூனிட், 1.05 லட்சம் ரூபாய். விளக்கு ஒன்று 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம் செலவு, இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும்.

குடிநீர் மோட்டார்: 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு சுமார் 3.7 யூனிட் இழுக்கும். நான்கு மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 32,400 யூனிட், 2.59 லட்சம் ரூபாய். 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு 1,500 யூனிட் தரும். ஆக 22 கிலோவாட் போதும். கிலோவாட்டுக்கு 60,000 வீதம் 13.2 லட்சம், சுமார் ஐந்து ஆண்டில் முதல் திரும்பும். இடம், தகட்டுக்கு மட்டும் சுமார் 5 சென்ட்.

மோட்டாரைக் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டினால் பேட்டரிச் செலவு மிச்சம். மேல்நிலைத் தொட்டியே பேட்டரி: பகல் வெயிலைத் தண்ணீராகச் சேர்த்து வைத்து, இரவில் குழாயில் தரும்.

பராமரிப்பையும் எழுதிவைக்க வேண்டும். கரிசல் தூசி தகட்டில் படிந்தால் உற்பத்தி இறங்கும். வாரம் ஒருமுறை துடைக்க ஆளும் கூலியும் தண்ணீரும் வேண்டும். சில ஆண்டுகள் கழித்து இன்வெர்ட்டர் மாற்ற, மிச்சத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட வேண்டும். பட்டாசுக் கொட்டகைகள் பக்கம் தகடோ வயரோ போகவே கூடாது.

வரிசை இதுதான்: முதலில் எல்இடி, அந்த மிச்சத்தோடு கடன் வாங்கி மோட்டாருக்குச் சூரிய மின்சாரம், கடன் தீர்ந்தபின் பள்ளி, அங்கன்வாடி, வசதி குறைந்த வீடுகள். வருகிற கிராம சபையில் ஊராட்சியின் ஒவ்வொரு மின் இணைப்புக்கும் பன்னிரண்டு மாத பில்லை வாசிக்கச் சொல்லுங்கள். என் மாதிரி எண்களை அழித்துவிட்டு உங்கள் ஊரின் எண்களைப் போடுங்கள். தீர்மானம் அதன்மேல் எழுதப்படட்டும்.