கூடமே கோணலாக இருந்தால்?



'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பழமொழி சரிதான். ஆனால் கூடமே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு சதாபிஷேகமும் ஒரு டிஜிட்டல் கேமராவும் தேவைப்பட்டன.

ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றபின் மாதாப்பூரில் மகன் வீட்டோடு இருக்கிறேன். படம் எடுப்பது எனக்கு இளவயதுப் பைத்தியம். துர்கம் செருவு ஏரிக்கரையில் நடக்கப் போகும்போது எடுக்கட்டும் என்று மகன் ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தான்.

சென்ற ஆண்டு ஸ்ரீரங்கத்தில் அத்திம்பேருக்குச் சதாபிஷேகம். ஹோமப் புகையில் கேமராவின் தானியங்கி ஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறும். ஆகவே தம்பதிகள் உட்காரும் மணையைக் குறிவைத்து, கையாலேயே ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருந்தேன். கலச நீர் தலையில் விழுந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினேன். மாதாப்பூருக்குத் திரும்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் இருந்த குத்துவிளக்கு பளிச்சென்று இருக்கிறது. அக்கா, அத்திம்பேர் இருவர் முகமும் மங்கல். திரும்ப எடுக்கக்கூடிய படமா அது?

தொலைபேசியில் சொன்னதும், "எங்க முகம் தெரியலைன்னா என்னடா, விளக்கு நன்னா வந்திருக்கே" என்றாள் அக்கா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். கண் போய்விட்டது, இனி இந்தப் பொழுதுபோக்கு நமக்கு வேண்டாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் கேமராவைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள் பழைய உத்தியோகப் புத்தி விழித்துக்கொண்டது. பழுது என்று வந்தால் சோதிக்காமல் யார்மேலும் குற்றம் சொல்லக்கூடாது அல்லவா? கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, எதிரே தினசரி காலண்டரை மாட்டி, ஃபோகஸ் செய்து உடனே எடுத்தேன். பத்துப் படமும் சுத்தம். அடுத்து, ஃபோகஸ் செய்தபின் ஒரு நிமிடம் சும்மா விட்டேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கேமரா உறங்கிவிடும். பொத்தானைத் தொட்டால் எழும். எழுந்ததும் எடுத்த பத்துப் படமும் மங்கல்! நான் வைத்த இடத்தை அது தூக்கத்தில் மறந்துவிடுகிறது. குற்றவாளி என் கண் அல்ல.

பழைய லென்ஸில் வளையத்தைத் திருப்பினால், மரை வழியாகக் கண்ணாடியே முன்னும் பின்னும் நகரும். வைத்த இடத்தில் நிற்கும். இன்றைய கேமராக்கள் பலவற்றில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் எவ்வளவு திரும்பியது என்பதை ஓர் உணர்கருவி உள்ளே சொல்லும். உள்ளிருக்கும் மென்பொருள் ஒரு சிறு மோட்டாருக்குக் கட்டளையிடும். மோட்டார் கண்ணாடியை நகர்த்தும். இந்த மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். நெம்புகோலை இழுத்தால் கம்பி வழியாகக் கைகாட்டி இறங்கிய காலத்துக்கும், கணிப்பொறி சிக்னலுக்கும் உள்ள வித்தியாசமே இது.

சோதனை விவரத்தை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். 'அடுத்த ஃபர்ம்வேரில் கவனிக்கப்படும்' என்று பதில் வந்தது. நான்கு மாதமாகிறது, இன்னும் வரவில்லை. மென்பொருள் எழுதுகிற மகன், "ஒரு வரிதான்பா மாத்தணும்" என்கிறான். ஆனால் எனக்குக் காத்திருப்பதில் கோபமில்லை. இந்திய ரயில்வேயில் முதன்முதலில் கணிப்பொறி வழி இன்டர்லாக்கிங் வந்ததும் அதே ஸ்ரீரங்கத்தில்தான், 1987-ல். அந்த முறையில் ஒரு வரி மாறினாலும், எந்தப் பாதைக்கு எந்தச் சிக்னல் என்று எல்லாவற்றையும் மறுபடி சோதித்த பிறகே வண்டியை விடுவார்கள். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கெட்டுவிடக்கூடாது.

காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்த கதையும் உண்டு. ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் 2011-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ் 100 கேமராவில், கையால் ஃபோகஸ் செய்ய வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பலரும் குறைப்பட்டார்கள். 2013 ஜனவரியில் அதன் அடுத்த மாடல் அறிவிக்கப்பட்டது. பழையதை இனி யார் கவனிப்பார்கள்? ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் பழைய கேமராவுக்கும் இலவசமாகப் புதிய ஃபர்ம்வேர் வந்தது. சுற்ற வேண்டிய அளவு குறைந்தது. ஃபோகஸ் ஆன விளிம்புகளைப் பிரகாசமாகக் காட்டும் வசதியும் சேர்ந்தது. வாங்கி இரண்டு வருடமான பொருள், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் மேம்பட்டது!

என் போன்றவர்களுக்கு மூன்று வார்த்தை. புகார் எழுதினால் 'சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள்; என்ன செய்தால், எத்தனை முறையில் எத்தனை முறை கெடுகிறது என்று எழுதுங்கள். புதிய ஃபர்ம்வேர் வந்தால் கம்பெனியிடமிருந்தே எடுங்கள். பாட்டரியை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள், பாதியில் நின்றால் கேமராவே உயிரிழக்கலாம். திருத்தம் வரும்வரை மாற்று வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. கருவி தகராறு செய்தால் 'எனக்கு வயசாயிடுச்சு' என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நீங்களும் அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

சென்ற மாதம் மறுபடி ஸ்ரீரங்கம் போயிருந்தேன். கேமரா உறங்காதபடி மின்சேமிப்பை நிறுத்திவைத்து, பையில் இன்னொரு பாட்டரியும் போட்டுக்கொண்டு, அக்காவையும் அத்திம்பேரையும் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தேன். கலசமும் இல்லை, மாலையும் இல்லை. முகங்கள் தெளிவாக வந்திருக்கின்றன.