சிவப்புப் பெட்டியைக் காணோம்!

இன்டர்நெட்டில் ஒரு கட்டுரை படிப்பதும் ரங்கநாதன் தெருவில் ஒரு கைக்குட்டை வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். போன காரியத்தைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும். குறுக்கே ஒரு விளம்பரம் ஓடும். 'நோட்டிஃபிகேஷன் வேண்டுமா?' என்று ஒரு பெட்டி கையைப் பிடித்து இழுக்கும். அதை மூடப் போனால் மூலையில் ஒரு வீடியோ சத்தம் போட ஆரம்பிக்கும். மூன்றாவது பாராவுக்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும்.

இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பெயர் 'ரீடர் மோட்'. சஃபாரி, ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாவற்றிலும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸோ எட்ஜோ வைத்திருந்தால், ஒரு கட்டுரையைத் திறந்து எஃப்9 பட்டனைத் தட்டிப் பாருங்கள். சந்தைக்கடை மறைந்து, வெள்ளைத் தாளில் கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிசாக்கலாம், பின்னணியைக் கறுப்பாக்கலாம், உரக்கப் படிக்கவும் சொல்லலாம்.

2009-ல் நியூயார்க்கின் 'ஆர்க்90' என்ற கம்பெனி 'ரீடபிலிட்டி' என்று ஒரு குட்டி புரோகிராம் வெளியிட்டது. மறு வருஷமே ஆப்பிள் அதைத் தன் சஃபாரி 5-க்குள் சேர்த்துக் கொண்டது. 2015-ல் கம்ப்யூட்டர் ஃபயர்பாக்ஸுக்கு வந்தது, 2023-ல் குரோமுக்கும்.

சரி, எது கட்டுரை, எது விளம்பரம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? படித்தா பார்க்கிறது?

படிப்பதாவது! மார்க் போடுகிறது, அவ்வளவுதான். ஃபயர்பாக்ஸ் இதற்காக எழுதிய புரோகிராம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. பி.காம். படித்த எனக்கு அது அப்படியே லெட்ஜர் மாதிரி தெரிந்தது.

வரவுப் பக்கம்: ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு மார்க். அதில் வரும் ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு மார்க். ஒவ்வொரு 100 எழுத்துக்கும் ஒரு மார்க், அதிகபட்சம் மூன்று. 25 எழுத்துக்குக் குறைந்த பாரா கணக்கிலேயே வராது. மார்க் பாராவுக்குச் சேர்வதில்லை. அது உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு, அதாவது அப்பாவுக்கு, முழு மார்க். அதற்கு வெளிப்பெட்டிக்கு, அதாவது தாத்தாவுக்கு, பாதி. சொத்துத் தகராறே கிடையாது!

பற்றுப் பக்கம்: பெட்டியில் இருக்கும் எழுத்தில் பாதி லிங்க்காக இருந்தால் மார்க்கும் பாதியாகிவிடும். 'இதையும் படியுங்கள்' கூட்டம் வெளியேறுவது இப்படித்தான். அப்புறம் பெயர்ப் பொருத்தம். டிசைனர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் வைப்பார்கள். 'ஆர்ட்டிக்கிள்', 'கன்டென்ட்' என்ற பெயருக்கு 25 மார்க் கூடும். 'பேனர்', 'சைட்பார்', 'பாப்அப்', 'எக்ஸ்ட்ரா' மாதிரிப் பெயர் வைத்தால், முதல் சுற்றிலேயே வெளியே போக வேண்டியதுதான்.

இந்தப் பெயர் விஷயம்தான் என் சித்தப்பாவைக் கவிழ்த்தது. அவருக்கு வயது 71. விழித்திரைக் கோளாறு, எழுத்து பெரிசாக இருந்தால்தான் தெரியும். போனில் எதைப் படித்தாலும் ரீடர் மோடில்தான் படிப்பார். பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக ஒரு உதவித்தொகை அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். விண்ணப்பிக்க 20-ம் தேதி கடைசி என்றிருந்தது. 17-ம் தேதி போனால், "12-ம் தேதியே முடிஞ்சுதே, மேலே சிவப்புப் பெட்டியில போட்டிருக்கோமே" என்றார்கள்.

சித்தப்பா போனில் சிவப்பும் இல்லை, பெட்டியும் இல்லை.

பக்கத்து வீட்டு இன்ஜினீயர் பெண் அந்தப் பக்கத்தின் உள்கூட்டைத் திறந்து பார்த்தாள். "அங்கிள், தேதி மாறின அறிவிப்புக்கு 'பேனர்'னு பேர் வெச்சிருக்காங்க. விளம்பரம்னு நெனச்சு ரீடர் தூக்கிடுச்சு."

"படிக்காம விட்டிருந்தா என் தப்பும்மா, எனக்குக் காட்டவே இல்லையே!" என்றார் சித்தப்பா. அந்த வருஷ ஃபீஸில் பாதி அவருடைய பென்ஷனிலிருந்து போனது.

ரீடர் மோட் ஏதோ சொகுசுக்கு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பார்வை மங்கியவர்களுக்கும், வரிகள் குழம்பித் தெரிபவர்களுக்கும் அதுதான் மூக்குக் கண்ணாடி. உங்கள் வீட்டில் பையனோ பெண்ணோ வெப்சைட் நடத்தலாம்; நீங்களே ஏதாவது சங்கத்தின் செயலாளராக இருக்கலாம். பக்கம் போடுபவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

ஒன்று, கட்டுரை முழுவதும் ஒரே பெட்டிக்குள் இருக்கட்டும். அதற்கு 'ஆர்ட்டிக்கிள்' என்ற குறியே தனியாக இருக்கிறது. பாராவுக்குப் 'பி' குறி, உள்தலைப்புக்கு 'எச்2' குறி. எழுத்தைத் தடிமனாக்கிவிட்டால் நம் கண்ணுக்குத் தலைப்பு, கம்ப்யூட்டருக்கு அது வெறும் குண்டு எழுத்து.

இரண்டு, தேதி, பணம், மருந்தின் அளவு மாதிரி முக்கியமான எதையும் ஓரத்துப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். கட்டுரைக்குள்ளும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'மேலும் படிக்க' என்று அமுக்கினால்தான் வருகிற பகுதி ரீடருக்கு வராமலே போகலாம்.

மூன்று, தமிழை ஃபோட்டோவாகப் போடாதீர்கள். ரீடர் படத்தைக் காட்டும், அதிலுள்ள எழுத்தைப் படித்துக் காட்டாது. 'இது தமிழ்ப் பக்கம்' என்று மொழிக் குறியும் சேருங்கள். உரக்கப் படிக்கும் குரல் அதைப் பார்த்துத் தமிழுக்கு மாறும்.

நான்கு, பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு காலத்தில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்திருந்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த வித்தை அது. 1999-ல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று பொதுத் தரம் அறிவித்தது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. மாறாத பழைய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ரீடர் மோட் தளத்தின் ஃபான்ட்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைப் போடும். கழற்றியதும் கதையெல்லாம் கிறுக்கல்!

"விளம்பரத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?" என்று தளம் நடத்துபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலும் பக்கம் முழுவதும் இறங்கிய பிறகுதான் வாசகர் ரீடர் பட்டனைத் தட்டுகிறார். விளம்பரம் அதற்குள் தலையைக் காட்டியிருக்கும். தட்டியும் படிக்க முடியாமல் போனால், அந்த வாசகர் மறுபடி வரமாட்டார். அதுதான் பெரிய நஷ்டம்.

ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. 'இட்லியும் தோசையும் வடையும்' என்று எழுதினால் கமாவுக்கான மார்க் பூஜ்யம். 'இட்லி, தோசை, வடை' என்றால் இரண்டு மார்க். அதற்காகத் தமிழை மாற்ற வேண்டாம்; பக்கத்தின் எலும்புக்கூடு ஒழுங்காக இருந்தால் 'உம்' போட்டே பாஸாகிவிடலாம். நான் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, கமாவை, கொஞ்சம், தாராளமாகவே, போட்டிருக்கிறேன்.