பத்தடி அறையில் ஒரு போர்வை

பாடி என்றால் பக்தர்களுக்குத் திருவலிதாயம் நினைவுக்கு வரும். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அல்லவா? வேலைக்குப் போகிறவர்களுக்கோ 1961-ல் நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். போன்ற தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வரும். நான் சென்ற வாரம் அங்கே போனது ஒரு போர்வையைப் பார்க்க!

ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீடு. பத்தடி அறையில் பாதியைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு ஷிப்டு முடித்து வந்த வீட்டுக்காரர் அதில் உறங்கிக்கொண்டிருந்தார். வீட்டு அம்மாள் தாழ்ந்த குரலில் பேசினார். காலமான தம் தாயாரின் பருத்திப் புடவைகளை ஒட்டி, விடுதிக்குப் போகும் மகளுக்குப் போர்வை தைக்கிறார்.

"முதல்லே தரையில்தான் விரிச்சேன், சார். அத்தை தண்ணி குடிக்க எழுந்தாங்க, மிதிச்சுட்டாங்க. பாவம், வேறே எங்கே கால் வைப்பாங்க? தைச்சுத் திருப்பினா அடித்துணியிலே நாலு சுருக்கம்! அம்மா புடவை நைஞ்சு போனது. இன்னொரு தடவை பிரிச்சா கிழிஞ்சுடும்."

சுருக்கம் விழுவது ஏன்? மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றும் ஒரே விறைப்பில் படிய வேண்டும். அடித்துணியை அதிகம் இழுத்துப் பிடித்தால், பிறகு அது சுருங்கி மேல்துணியையும் சுருட்டிவிடும். துணிகள் நகராமலிருக்கவே முதலில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போடுகிறோம்.

அதற்குக் கூடம் வேண்டாம், நாலடி மேஜை போதும் என்று கண்டுகொண்டார் இந்த அம்மாள். புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம். போர்வையின் அகலத்தை 41-ல் நிறுத்தினால் அடித்துணி ஒரே துண்டாகக் கிடைக்கும். பக்கத்துக்கு 2 அங்குலம் மிச்சமும் இருக்கும்.

துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நடுக்கோட்டைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அடித்துணியை ஒரு கழியிலும் மேல்துணியை இன்னொரு கழியிலும் சுற்றுங்கள். திரைச்சீலைக் கம்பி கூடப் போதும். இரண்டடி அளவுக்கு அடித்துணியை உள்புறம் மேலே தெரியும்படி விரியுங்கள். அதன்மேல் இரண்டாக மடித்த பழம்புடவை. சென்னை வெயிலுக்குப் பஞ்சு எதற்கு? அதற்கும் மேலே மேல்துணி. நடுக்கோடுகள் ஒன்றாக இருக்கட்டும். உள்ளங்கையால் நீவி, நாலு விரல் இடைவெளியில் வெள்ளை நூலால் தையல் ஓட்டுங்கள்; சாயநூல் கறை விடக்கூடும். தைத்த பகுதியைத் தொங்கவிடாமல் நாற்காலியில் ஏந்திக்கொண்டு, அடுத்த இரண்டடியை அவிழுங்கள். கெட்டித் தையல் முடிந்ததும் ஓட்டு நூலை உருவிவிடலாம்.

ஓட்டுத் தையலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரான கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள், 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டுவந்து முடிக்கிறார்கள். துண்டுகளை அவ்வப்போது வைத்துத் தைப்பதால், மடியே அவர்களுக்கு மேஜை!

மாலையில் கடைசி இழையை அறுத்துப் போர்வையைத் திருப்பினார் அம்மாள். ஒரு சுருக்கம் இல்லை. தாயாரின் நீலப் புடவை தலைமாட்டுப் பக்கம் வந்திருந்தது. "பாட்டி வாசனை அடிக்குதும்மா" என்று மகள் அதில் முகம் புதைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் கண் விழித்தார். "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாரே பார்க்கலாம்!