கட்டடத்திடம் கேட்க மூன்று கேள்விகள்

மல்லாங்கிணறிலிருந்து மதுரைக்குக் கல்விச் சுற்றுலா சென்றால், திருமலை நாயக்கர் அரண்மனைத் தூணைக் கட்டிப்பிடித்து மாணவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "தூண்கள் மிகப் பெரியவை" என்று கட்டுரை எழுதுவார்கள். பல ஆண்டுகள் எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. சென்ற முறை எட்டாம் வகுப்பை அழைத்துச் செல்லும் முன் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். எதனால் கட்டினார்கள்? யார் செலவில் கட்டினார்கள்? யாருக்குக் கதவு திறந்தது?

முதல் கேள்வி அறிவியல் பாடத்துக்குள் கொண்டு சென்றது. 1636இல் எழுந்த இந்த அரண்மனை செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனது. சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்கு உத்திரம் கிடையாது. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அழுத்தியே தாங்குகிறது. சுண்ணாம்புக் கல் நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. அதைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நீர் சேர்த்துச் சுவரில் பூசினால், அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். இக்காரை ஈரத்தை வெளியே விடும். பழைய சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். பழுதுபார்ப்பதாக எண்ணிப் பல பழைய கட்டடங்களை நாம் கெடுப்பது இப்படித்தான்.

இரண்டாம் கேள்வி வரலாற்றுக்குள் சென்றது. அரண்மனை அரசரின் கருவூலத்தில் எழுந்தது. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய தேவாலயம் 1880இல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள்! அமெரிக்கன் கல்லூரியை 1881இல் பசுமலையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது. பின்னர் அது மதுரைக்கு இடம்பெயர்ந்தது. அதன் முதன்மை மண்டபத்தை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தவர். நம் விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியோ 1889இல் பிடியரிசியில் வளர்ந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். வணிகர்களின் மகமையும் சேர்ந்தது.

மூன்றாம் கேள்விதான் வகுப்பை அமைதியாக்கியது. பிடியரிசி கொடுத்த நாடார் சமூகத்தினருக்கு அன்று பல கோயில்களின் கதவு மூடியே இருந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939இல்தான். கோயில் கதவு திறப்பதற்கு 50 ஆண்டுகள் முன்பே அவர்கள் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கே படித்த காமராசர் குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தினார். பின்னர் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, மதிய உணவும் கொடுத்தார்.

அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அரண்மனைக்கு ராஜா பேர் இருக்கு. அரிசி போட்டவங்க பேரு எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அதையே வீட்டுப்பாடமாக்கினேன். ஊரிலுள்ள ஏதேனும் ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, பெரியவர்களிடம் மூன்று கேள்விகளையும் கேட்டு வரச் சொன்னேன். "எங்க தாத்தா கல் சுமந்தாராம்" என்று ஒருவன் எழுதி வந்தான். அதுவரை அந்தச் சாவடிச் சுவரில் கரியால் கிறுக்கியவன் அவன்.

இதற்குப் பேருந்தும் வேண்டாம், செலவும் வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, சாவடியோ, பழைய பள்ளிக்கூடமோ இருந்தால் போதும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஒரே அவசரம்.