மனத்தின் படத்தை எடுப்பது எப்படி?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்தால் இருங்காட்டுக்கோட்டை வரும். அதை அடுத்தது ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். இந்தச் சாலைகளில் புத்தம் புதிய கார்களை அடுக்கி ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்டியும் தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன் பல சோதனைகளுக்கு உள்ளாகிறது. எடை, வேகம், பிரேக்கின் திறன், புகையின் அளவு ஆகிய எல்லாவற்றையும் அளக்கக் கருவிகள் உண்டு. ஆனால் ஒன்றை அளக்க மட்டும் கருவி கிடையாது. அந்த வண்டியைப் பார்க்கும்போது வாங்குபவரின் மனத்தில் எழும் எண்ணம்தான் அது.

அந்த எண்ணத்தை அறிய வழியே இல்லையா? உண்டு. அதற்குப் பயன்படுபவை உவமைகளும் படங்களும் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஓசை ஒன்று, உவமை மூன்று

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துக்கு 2013ஆம் ஆண்டு முதல் ஒரகடத்தில் தொழிற்சாலை உள்ளது. அந்நிறுவனத்தின் 'புல்லட்' மோட்டார் சைக்கிளின் ஓசையை அறியாதவர் யார்? அதன் எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர்தான். நான்கு வீச்சு எஞ்சின் ஆகையால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அதில் எரிபொருள் வெடிக்கும். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 500 வெடிப்புகள். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8. நொடிக்குச் சுமார் 20க்கும் குறைவாக வரும் துடிப்புகளை நம் காது ஒரே தொடர்ந்த ஒலியாகக் கேட்பதில்லை. தனித்தனித் தட்டல்களாகவே கேட்கிறது. 'டப், டப், டப்' என்று நமக்குக் கேட்பதன் காரணம் இதுவே.

இதுவரை பௌதிகம். இந்த ஓசை எப்படி இருக்கிறது என்று மூவரைக் கேட்டுப் பாருங்கள். "இதயம் துடிப்பது போல" என்பார் ஒருவர். "குதிரை நடை போல" என்பார் மற்றொருவர். "மாவு மில் ஓடுவது போல" என்பார் மூன்றாமவர். ஒலிமானி மூவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் முதலாமவருக்கு அந்த வண்டி உயிருள்ள ஒன்று. இரண்டாமவருக்கு அது கம்பீரம். மூன்றாமவருக்கோ வெறும் தொல்லை. கருவி காட்டாத வேறுபாட்டை உவமை காட்டிவிட்டது!

உவமையை வகைப்படுத்துவது தமிழர்க்குப் புதிதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலே உள்ளது. வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று அது கூறுகிறது. செயலால் ஒப்பிடுவது வினை. விளைவால் ஒப்பிடுவது பயன். வடிவால் ஒப்பிடுவது மெய். நிறத்தால் ஒப்பிடுவது உரு. மேலே கண்ட மூன்று விடைகளும் வினை உவமையைச் சேர்ந்தவை. ஆக, அந்த மூவரும் வண்டியின் வடிவையோ நிறத்தையோ எண்ணவில்லை, அதன் இயக்கத்தையே எண்ணினர் என்பது தெளிவாகிறது.

நேராகக் கேட்டால் என்ன?

"இதை ஏன் வாங்கினீர்கள்?" என்று நேராகவே கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கலாம்தான். ஆனால் கேட்பவருக்கு முன் மதிப்பாகத் தோன்றும் காரணத்தையே பெரும்பாலோர் சொல்வார்கள். சில வேளைகளில் உண்மைக் காரணம் அவர்களுக்கே தெரியாது.

அணுக்கருவை எவரும் கண்ணால் கண்டதில்லை. ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் மெல்லிய தங்கத் தகட்டின்மீது ஆல்பாத் துகள்களை எறிந்தார்கள். அவை சிதறிய விதத்தைக் கொண்டு, 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கரு இருப்பதை ஊகித்தறிந்தார். மன ஆய்வாளர்களும் இத்தகைய சுற்றுவழியைத்தான் கையாளுகிறார்கள்.

1950ஆம் ஆண்டில் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். அக்காலத்தில் அங்கே உடனடிக் காப்பித் தூளைப் பலர் வாங்கத் தயங்கினர். காரணம் கேட்டால், "சுவை பிடிக்கவில்லை" என்றனர். ஹேர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இரண்டிலும் எல்லாப் பொருள்களும் ஒன்றே. ஒன்றில் உடனடிக் காப்பித் தூள், மற்றதில் சாதாரணக் காப்பித் தூள் என்பது மட்டுமே வேறுபாடு. 50 பெண்களுக்கு ஒரு பட்டியலும், வேறு 50 பெண்களுக்கு மற்றதும் தரப்பட்டன. "இப்பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவள்?" என்பதே கேள்வி.

உடனடிக் காப்பிப் பட்டியலைக் கண்டவர்களில் 48 சதவீதத்தினர் அவளைச் சோம்பேறி என்றனர்! மற்றப் பட்டியலுக்கு அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதத்தினரே. தயக்கத்துக்குக் காரணம் நாக்கு மட்டுமல்ல, ஊராரின் பேச்சுக்கு அஞ்சும் மனமும் என்பது புலனாயிற்று. பிறகு இச்சோதனையை மீண்டும் செய்து 1970இல் வெளியிட்டபோது இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது. எண்ணங்களும் காலத்தால் மாறுகின்றன.

படம் பேசுகிறது

ஜெரால்டு சால்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990ஆம் ஆண்டையொட்டி நேபாளத்தில் கிராமத்து மக்களிடம் காமிராக்களைக் கொடுத்து, தம் வாழ்க்கையைத் தாமே படமெடுக்கச் சொன்னார். பல படங்களில் மனிதர்களின் பாதங்கள் விடுபட்டிருந்தன. காமிரா பிடிக்கத் தெரியாததால் நேர்ந்த பிழையா இது? இல்லை. வெறுங்கால் வறுமையின் அடையாளம் என்பதால் வேண்டுமென்றே பாதங்களை விலக்கியிருந்தார்கள். வாயால் சொல்லாததைப் படம் சொல்லியது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சால்ட்மன், இதையே ஒரு முறையாக வகுத்து 1995இல் காப்புரிமை பெற்றார். இம்முறையில் சுமார் 20 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றிய தம் உணர்வைக் காட்டும் படங்களை அவர்கள் சில நாட்களில் சேகரிக்க வேண்டும். அந்தப் பொருளின் படமே கூடாது! பிறகு ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி, படத்துக்குப் படம் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று விரிவாகக் கேட்கிறார்கள். அந்த உணர்வின் நிறம் என்ன, மணம் என்ன, ஓசை என்ன என்றும் கேட்பதுண்டு. பலரிடமும் திரும்பத் திரும்ப வரும் உருவகங்களை இணைத்துக் கடைசியில் ஒரு வரைபடம் தீட்டுகிறார்கள்.

பெண்கள் அணியும் நீண்ட காலுறைகளைப் பற்றி இவ்வாறு ஆராய்ந்தபோது, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிய வேலிக் கம்பங்களின் படம் வந்தது. பூச்சாடியும் விலையுயர்ந்த காரும்கூட வந்தன. இறுக்கத்தின் மீது வெறுப்பும் அழகின் மீது விருப்பும் ஒரே மனத்தில் இருந்தன. "பிடிக்குமா, பிடிக்காதா?" என்ற கேள்வியில் இது அகப்பட்டிருக்குமா?

நமக்கு என்ன?

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரித்த சான்ட்ரோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூரை உயர்ந்த கார் அது. ஏறி இறங்க வசதி; ஆனால் தாழ்ந்த கார்களையே கண்டு பழகிய கண்களுக்கு அதன் தோற்றம் விசித்திரமாகப் பட்டது. இந்தியாவுக்கென முகப்பையும் பின்புறத்தையும் மாற்றியமைத்தும், விளம்பரங்கள் செய்தும் அந்த எண்ணத்தை வெல்ல வேண்டியிருந்தது. கார் நன்கு விற்றது. அதையொட்டித் தொழிற்சாலையும் வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களின் வேலையும் வாங்குபவர் மனத்திலுள்ள ஒரு படத்தைச் சார்ந்திருக்கிறது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. 20 பேரின் படங்கள் நாட்டு மக்கள் அனைவரின் எண்ணம் ஆகிவிடா. படத்துக்குப் பொருள் காண்பவர் தம் எண்ணத்தையே அதில் ஏற்றிவிடவும் கூடும். எனவே இதனால் கிடைப்பது ஓர் ஊகமே. அதை வேறு சோதனைகளால் சரிபார்க்க வேண்டும். மேலும், மனத்தை அறிய உதவும் கருவியே மனத்தை மயக்கவும் உதவும். விளம்பரத்தில் வண்டியுடன் மலையையும் குதிரையையும் காட்டும்போது, விற்கப்படுவது வண்டியா, குதிரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆறு பொருள்கள் கொண்ட மளிகைப் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். அதில் ஒரு பொருளை மட்டும் மாற்றி இன்னொன்று எழுதுங்கள்: ஒன்றில் 'இட்லி அரிசி', மற்றதில் 'இட்லி மாவு பாக்கெட்'. வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. வேறொரு பட்டியலும் உண்டு என்பது யாருக்கும் தெரியக் கூடாது. எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். 'சோம்பேறி', 'சுறுசுறுப்பானவர்' போன்ற சொற்கள் எதில் எத்தனை முறை வருகின்றன என்று அட்டவணையிடுங்கள்.

முடிவை வகுப்பில் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அந்த மாவு பாக்கெட்டை வாங்கியவர், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் இரவு முழுதும் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்பிய ஒரு தாயாகவும் இருக்கலாம். பட்டியலில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. இருந்தும் சோம்பேறி என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.