சாவியை விடாத பூட்டு

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். போன மாதம் ஒரு ராத்திரி அவர் காருக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். வீட்டில் சண்டை எல்லாம் இல்லை நண்பர்களே! சாவி மாட்டிக்கொண்டது, எடுக்க வரவில்லை. சாவியோடு வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவது? காலை 6 மணிக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

"நான் எடுக்கிறேன்ப்பா" என்று கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். "டேய், கைய எடுடா! உள்ள ஒடைஞ்சா பூட்டையே மாத்தணும்" என்று அப்பா கத்தினார். பிளேயர் பதிந்த தடம் சாவியில் இன்னும் இருக்கிறது.

விடிகாலையில் வந்த மெக்கானிக் அண்ணன் சாவியைப் பார்க்கவே இல்லை. முன் சக்கரத்தைப் பார்த்தார். அது சாக்கடைக் கல்லில் முட்டி நின்றது. "ஸ்டியரிங்க லேசா இப்படி அப்படி ஆட்டிக்கிட்டே சாவிய பின்னால திருப்புங்க" என்றார். இரண்டு தடவை ஆட்டியதும் 'டக்' என்றது. சாவி வந்துவிட்டது!

இழுத்தபோது ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டேன். பூட்டுக்குள் ஓர் உருளை இருக்கிறது. அதில் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக நிற்கும். சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை சுற்றும். சுற்றிய பிறகு தகடுகள் ஏறி இறங்க இடமிருக்காது, சாவியைக் கவ்விக்கொள்ளும். உருளை 'லாக்' என்ற இடத்துக்கு முழுசாகத் திரும்பினால்தான் விடும். ஒரு நூல் குறைந்தாலும் விடாது. அந்த லாக்கில்தான் ஓர் இரும்புத் துண்டு ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. சக்கரம் எங்காவது முட்டித் தண்டு முறுக்கிக்கொண்டால் அதுவும் சிக்கும். (ஓடும் வண்டியில் சாவியை லாக்குக்குத் திருப்பவே கூடாது என்பதும் இதனால்தான்.) சில கார்களில் சாவியை உள்ளே அழுத்தித் திருப்பினால்தான் லாக்குக்குப் போகும்.

ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் முதலில் கியரைப் பாருங்கள். 'பார்க்' இடத்தில் இல்லாவிட்டால் சாவி வராது. வண்டி உருண்டு ஓடிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் பேட்டரி இறங்கினாலும் இதே கதை.

அப்புறம்தான் அண்ணன் சாவியை வெளிச்சத்தில் பிடித்தார். பற்களில் கறுப்பாகப் பிசுக்கு. "யாரு எண்ணெய் விட்டது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பூட்டு இறுக்கமாக இருக்கிறதே என்று பொங்கலுக்கு வண்டி கழுவும்போது தேங்காய் எண்ணெய் விட்டது நான்தான். எண்ணெய் அப்போதைக்கு வழுக்கும். பிறகு தூசியைப் பிடித்து இறுகிவிடும். தகடுகளும் அசையாது. இதற்கு கிராஃபைட் தூள் போட வேண்டுமாம். உராய்வைக் குறைக்கும், ஒட்டாது. நம் பென்சிலுக்குள் இருப்பதும் அதுதானே! சாவியைத் துடைத்துவிட்டு, என் ஜியாமெட்ரி பாக்ஸ் பென்சிலைப் பற்களில் தேய்த்து நாலைந்து முறை விட்டு எடுத்தார். சாவி சுலபமாகத் திரும்பியது. தேய்ந்துபோன சாவி என்றால் பென்சில் உதவாது, புதுச் சாவிதான் வெட்ட வேண்டும்.

தாத்தாவை அன்று பத்து நிமிடம் தாமதமாகத்தான் அப்பா கூட்டிப் போனார். அந்தப் பென்சில் இப்போது காரிலேயே இருக்கிறது. கணக்கு சார் மன்னிக்கவும்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்