ஜெனீவா தொப்பி

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மேடையேறிப் பட்டம் பெறுவோருக்கு ஒரே தொப்பிதான். மெக்யூவன் மண்டபத்தில் ஒவ்வொருவராக வந்து நிற்க, வேந்தரோ துணைவேந்தரோ வெல்வெட்டும் பட்டும் கொண்டு தைத்த இந்தத் தொப்பியால் உச்சந்தலையைத் தொடுவார். மாணவர் பட்டதாரியாகும் நொடி அதுதான். 150 ஆண்டுகளுக்கு மேலாக இதே வழக்கம்.

மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் காற்சட்டைத் துணியில் தைத்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நாக்ஸ் இறந்தது 1572-இல். ஆனால் 2000-இல் பழுதுபார்க்கப் பிரித்தபோது உள்ளே இருந்தவை 1849 தேதியிட்ட தாளும், தையற்காரர் ஹென்றி பேங்க்ஸின் பெயர்ச்சீட்டும். கதை கலைந்தது, தைத்ததோ பழுதுபார்த்ததோ, ஒரு தையற்காரரின் பெயர் கிடைத்தது. அது பெரிய லாபம்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த விண்வெளி வீரர் பியர்ஸ் செல்லர்ஸ் விண்வெளிக்குக் கொண்டுபோய் வந்த பல்கலைக்கழகச் சின்னமும் 2006-இல் தொப்பியில் இடம்பெற்றது.